வெட்டவெட்டத் துளிர்த்த காடு

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலை கூவத்தைத் தாண்டும் இடத்தில் காடுவெட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. பல்லவ அரசர்களும் இதே பெயரைப் பட்டமாகச் சூடிக்கொண்டவர்கள்தான். காட்டை வெட்டிக் கழனியாக்குவது அரசனுக்குப் பெருமை சேர்த்த காலம் அது. இந்தப் பக்கத்துக் கோயில் கதைகளிலும் ஒரு காடும், அதை வெட்டும் ஒரு கருவியும் அடிக்கடி வரும். திருவேற்காட்டில் வெள்வேலம் தலமரம். திருவள்ளூரை ஒட்டிய திருப்பாசூரில் மூங்கில் புதரை வாச்சியால் வெட்டும்போது லிங்கம் வெளிப்பட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. வாச்சி, தச்சர்கள் மரம் செதுக்க வைத்திருக்கும் கருவி. அம்பத்தூரை அடுத்த வடதிருமுல்லைவாயிலில் தொண்டைமான் என்ற அரசனின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது, அவன் கொடியை வெட்டினான், அங்கேயும் லிங்கம்.

காட்டை வெட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேரோடு பறித்துவிட்டு அந்த இடத்தில் நெல் போடுவது. காடுவெட்டி என்ற பட்டம் அதற்குத்தான் பொருந்தும். இன்னொன்று, வேரையும் அடிக்கட்டையையும் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் வெட்டிக்கொண்டு, சில வருஷம் கழித்து அதே கட்டையிலிருந்து மறுபடி வெட்டுவது. கரும்பில் கட்டைப்பயிர், அதாவது மறுதாம்பு, விடுவதைப் போன்றதுதான் இது. மரத்துக்கும் வனத்துறைக்காரர்கள் மறுதாம்பு என்றே சொல்கிறார்கள். ரயிலும் சமையல் எரிவாயுவும் வருவதற்கு முன்பு மனிதர்கள் பயன்படுத்திய மரத்தில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது வழியில் வந்தது. உலகின் பல பகுதிகளில் அப்படித்தான்.

ஏன் துளிர்க்கிறது? மரம் தன் சாப்பாட்டை இலையில் தயாரித்தாலும் சேமித்து வைப்பது வேரிலும் அடிமரத்திலும். பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் நிறைய இருக்கும். மேலே நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை அங்கிருந்து இறங்கிவரும் சுரப்பு, கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனியை வெட்டியதும் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. உறங்கிய மொட்டுகள் ஒரே நேரத்தில் விழித்து, வேரில் இருக்கும் மாவுச்சத்தை இழுத்துக்கொண்டு கொத்தாகக் கிளம்புகின்றன. விதையிலிருந்து முளைத்த கன்று முதலில் வேர் விட வேண்டும், பிறகுதான் உயரம். கட்டையிலிருந்து வந்த துளிருக்கு வேர் தயாராக இருக்கிறது. அதனால்தான் வெட்டிய மரத்தின் துளிர் முதல் வருஷத்திலேயே ஆள் உயரத்தைத் தாண்டி ஓடுகிறது. நேராகவும் ஓடும், பக்கத்தில் பத்துத் துளிர் போட்டிக்கு நிற்கும்போது வளைந்து வளர நேரமில்லை.

எல்லா மரமும் இதற்கு ஒத்துவராது. பனைக்கும் தென்னைக்கும் ஒரே குருத்து. தலையை வெட்டினால் கதை முடிந்தது. புங்கை, வேம்பு, நாவல், வாகை, புளி, தேக்கு எல்லாம் கட்டையிலிருந்து துளிர்க்கும். நம் ஊர்க் கருவேலம் சரியாகத் துளிர்க்காது; சீமைக்கருவேலம் வெறிபிடித்ததுபோல் துளிர்க்கும். இந்த வித்தியாசம் மூன்று மாவட்டங்களின் தலையெழுத்தையே மாற்றியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெட்டும் கையிலும் விஷயம் இருக்கிறது. கட்டை தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் நிற்கக் கூடாது. உயரமாக விட்டால் துளிர் மேலே ஒட்டிக்கொண்டு வரும், காற்றில் பிய்ந்து விழும். கீழே வெட்டினால் துளிர் தனக்கென்று வேரும் விட்டுக்கொள்ளும். வெட்டு வாய் கொஞ்சம் சரிவாக இருந்தால் மழைநீர் தேங்காது, கட்டை அழுகாது. பட்டை கிழியக் கூடாது, அதற்குக் கூரான கத்தி வேண்டும். கோடையில் வெட்டி முடித்தால் மழை வரும்போது துளிர் தயாராக நிற்கும். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஆட்டை உள்ளே விட்டால் எல்லாம் வீண். இளம் துளிரை ஆடு இரண்டு மூன்று முறை மேய்ந்துவிட்டால் வேரில் இருந்த சேமிப்பு கரைந்து, கட்டை செத்துப்போகும் அல்லது முழங்கால் உயரத்துப் புதராகவே நின்றுவிடும். காடு அழிந்ததற்குக் கோடாரியைக் குற்றம் சொல்கிறோம். வெட்டியபின் காவல் இல்லாததுதான் பல இடங்களில் அழித்தது என்பது என் எண்ணம்.

ஒரு பழைய கிராமத்துக்கு என்ன மரம் தேவைப்பட்டது என்று யோசித்தால் இந்த முறை ஏன் உருவானது என்பது புரியும். தேர், கோயில் கதவு, படகு, பெரிய வீட்டு உத்தரம் ஆகியவற்றுக்குத்தான் பருத்த மரம். மற்ற எல்லாவற்றுக்கும் கைக்குள் அடங்கும் கம்பு போதும். மண்வெட்டிக் காம்பு, கோடாரிக் காம்பு, குடிசையின் கூரைக் கழி, பந்தல் கால், கொடி படர ஊன்றுகோல், அடுப்புக்கு விறகு. பருத்த மரத்தை அறுத்துப் பலகையாக்கவே இரண்டு ஆள் நாள் முழுக்க ரம்பம் இழுக்க வேண்டும். நாலு வருஷத் துளிரை ஒருவர் அரிவாளால் ஒரே போடில் சாய்த்து, தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். வேண்டிய பருமனில் மரமே வளர்ந்து தரும்போது அதைப் பிளப்பானேன்?

படலை எடுத்துக்கொள்ளுங்கள். விளார்களைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கட்டிய தட்டி அது. வாசலுக்குக் கதவு, தோட்டத்துக்கு வேலி, மண் பூசினால் சுவர். அறுப்பு முடிந்த கழனியில் ஆட்டுக்கிடை போடும்போது நாலு பக்கமும் படலை நிறுத்தி மந்தையை மடக்குவார்கள். மறுநாள் படலைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்துக்கு நகர்த்துவார்கள். எருவுக்கு எருவும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு. இங்கிலாந்தின் இடைக்கால ஆட்டிடையர்களும் இதையேதான் செய்தார்கள். அவர்களுக்கு ஹேசல் என்ற சிறுமரத்தின் விளார். அந்த ஹேசலை ஏழு முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தரையோடு வெட்டி, காட்டைப் பாத்திகளாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பாத்தி என்று சுற்றில் எடுத்தார்கள். சஃபோக் பகுதியில் பிராட்ஃபீல்டு என்ற காடு 1252 முதல் இப்படி வெட்டப்பட்டு வருவதற்குப் பதிவு இருக்கிறது. இன்றைக்கும் அங்கே வெட்டுகிறார்கள், காடும் நிற்கிறது. இன்னும் பழையது வேண்டுமென்றால், சாமர்செட் சதுப்பு நிலத்தில் கி.மு. 3807 வாக்கில் போட்ட மரப்பாதையிலேயே துளிர்க்கம்புகள் கிடைத்திருக்கின்றன.

நம் பக்கத்தில் ஹேசலின் வேலையைச் செய்தது நொச்சி. ஆற்றோரம், ஏரிக்கரை, வேலியோரம் எங்கும் வரும். வெட்டினால் அடுத்த மழைக்கே நீள நீளமாக விளார் விடும். வளைத்தால் ஒடியாது. ஆடுமாடு வாய் வைக்காது என்பது இன்னும் வசதி, காவல் செலவு மிச்சம். அந்த விளாரில் கூடை முடைந்தார்கள், தானியம் கொட்டிவைக்கும் குதிருக்குக் கூடு பின்னினார்கள். இப்போது ஏரிக்கரையில் நொச்சியைப் பார்த்தால் சளிக்கு ஆவி பிடிக்கத் தழை ஒடிப்பதோடு சரி.

ஆவாரை இன்னொன்று. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது நினைவுக்கு வரும் செடி. சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் பல பத்தாண்டுகள் இதன் பட்டையை நம்பித்தான் நடந்தது. செடியை அடியோடு வெட்டி, கம்பைத் தட்டிப் பட்டையை உரித்து மூட்டை கட்டுவார்கள். கம்பு அடுப்புக்குப் போகும். தூர் மறுபடி தழைக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வர ஆரம்பித்தபோதுதான் ஆவாரையின் சந்தை சுருங்கியது. வயலுக்குப் பசுந்தழையும் இப்படித்தான் வந்தது. புங்கை, எருக்கு, வேம்பு என்று கிளைகளைக் கழித்து, சேற்றில் போட்டு மிதித்தபிறகே நடவு. வருஷம் தவறாமல் கழிக்கப்பட்ட புங்கை, தலை பெருத்து மொட்டையாக வயலோரம் நிற்கும். ஆடு எட்டாத உயரத்தில் வெட்டினால் துளிருக்குத் தனியாகக் காவல் வேண்டாம் என்பது அதிலுள்ள கெட்டிக்காரத்தனம். வீட்டுக் கொல்லை முருங்கையை ஆண்டுதோறும் கவாத்து செய்வதும் இதே கணக்குதான்.

இடைக்காலக் கல்வெட்டுகளில் ஊரைத் தானம் கொடுக்கும்போது மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்தே கொடுத்ததாக எழுதுவது வழக்கம். நிலத்தோடு மரத்தின் உரிமையையும் எழுதிவைக்கும் அளவுக்கு மரம் சொத்தாக இருந்தது. கோயில் தலமரத்தில் கை வைக்கக் கூடாது. புறம்போக்குப் புதரில் வெட்டலாம். ஒரே ஊரில் இரண்டு விதியும் சண்டையில்லாமல் நடந்தன.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது பசி. அடுப்பின் பசியும் எஞ்சினின் பசியும். சென்னைப் பட்டணம் பெருகப் பெருக அதன் விறகுத்தொட்டிகளுக்கு மரம் வேண்டியிருந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தப் பாதை இன்றைய அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. அன்றைய எஞ்சின்களில் பல விறகு தின்பவை. நிலக்கரி கப்பலில் வர வேண்டும், விறகோ பாதையோரத்தில் நின்றது. அதே 1856-இல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை ஏற்பட்டு, ஹியூ கிளெக்கார்ன் முதல் காப்பாளர் ஆனார். ஒரு கையால் வெட்டக் கொடுத்துக்கொண்டே மறு கையால் காக்க வேண்டிய வேலை. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு போட்டு, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். பட்டணத்துக்கான விறகு பெருமளவு ஸ்ரீஹரிகோட்டா தீவின் காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக வந்தது. யானாதி மக்கள் வெட்டிக் கொடுத்தார்கள். இன்று ராக்கெட் கிளம்பும் அதே தீவுதான்.

புதர்க்காட்டின் துளிரைக் காத்திருந்து வெட்டப் பொறுமையில்லாத இடத்தில் சவுக்கு நுழைந்தது. 1860-களில் சென்னைக் கடலோர மணலில் ரயில் விறகுக்காகத் தோப்புப் போட்டார்கள். வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் வளரும். கட்டை கனம், நின்று எரியும். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயிகள் ஏக்கருக்கு நாலாயிரம் கன்று என்று நெருக்கி நட்டு, மூன்று நாலு வருஷத்தில் அறுக்கிறார்கள். ஆனால் நாம் நீண்ட காலமாக வளர்த்த இந்தச் சவுக்கு வெட்டினால் ஒழுங்காகத் துளிர்க்காது. அடியோடு பெயர்த்துவிட்டு மறுபடி கன்று நட வேண்டியதுதான். நாற்று விற்பவருக்கு நல்லது. காட்டைப்போல் தானாகத் திரும்பி வராது. காகித ஆலைகளுக்காகப் பயிரிடும் தைலமரம் அந்த விஷயத்தில் நேர் எதிர்: ஐந்தாறு வருஷத்தில் வெட்டினால் கட்டையில் துளிர் கொத்தாகக் கிளம்பும், வலுவான இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் சவுக்குக் கம்பு விற்கும் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். கம்புகளைப் பருமன்வாரியாகப் பிரித்துச் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். மெல்லியது பந்தலுக்கு, கொஞ்சம் கூடியது சாரத்துக்கு, பருத்தது கான்கிரீட் தட்டுக்கு அடியில் முட்டு கொடுக்க. அடிப்பக்கம் பருத்து நுனி ஒல்லியாக இருப்பதால் சாரம் கட்டுகிறவர் இரண்டு கம்பை அடியும் நுனியுமாக மாற்றிச் சேர்த்துக் கயிறு போடுவார். மாடி ஏறிக் கட்டும் அந்தக் கைவேலையைப் பார்த்தால், படல் கட்டிய கை எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றும். இரும்புக் குழாய்ச் சாரம் வந்துகொண்டிருக்கிறது, சின்ன வீடுகளுக்கு இன்னும் சவுக்குதான் மலிவு.

முழுசாகத் துளிரை நம்பி நடக்கும் ஒரு தொழில் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கரிமூட்டம். மரம் சீமைக்கருவேலம். காமராஜர் காலத்தில் வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பே, 1876-இல் வன அதிகாரி பெடோம் விதை கேட்டு எழுதி, மறு வருஷம் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டிருக்கிறார்கள். ஊரெங்கும் பரவியது பிற்பாடு. வானம் பார்த்த பூமியில் பயிர் பொய்த்தாலும் இந்த முள்மரம் பொய்க்கவில்லை. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டினால் காசு.

மூட்டம் போடுவது இப்படி: வெட்டிய கட்டைகளை இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பருத்ததை உள்ளேயும் ஒல்லியை வெளியேயும் அடுக்கிக் குவிப்பார்கள். மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, ஈரமண்ணால் மூடி மெழுகுவார்கள். தீ வைக்க ஒரு வாய், காற்றுக்குச் சில ஓட்டை. உள்ளே எரியவிடக் கூடாது, வேகவைக்க வேண்டும். காற்று கூடினால் கரி சாம்பலாகிவிடும், குறைந்தால் தீ அணைந்துவிடும். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும், அது மரத்திலுள்ள தண்ணீர். நாளாக ஆகப் புகை மெலிந்து நீலம் தட்டும். நீலம் கண்ட பக்கத்தில் ஓட்டையை மண்ணால் அடைத்து அடுத்த பக்கத்தில் திறப்பார்கள். மூட்டத்தின் அளவைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எங்காவது மண் உள்வாங்கிக் குழி விழுந்தால் நடு ராத்திரியானாலும் ஓடிப்போய் அடைக்க வேண்டும், அதனால் பக்கத்திலேயே ஆள் படுத்திருக்கும். ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் மரம் போகும். அந்தக் கரிதான் மூட்டைகளில் ஏறி வந்து, அம்பத்தூர் தெருமுனை இஸ்திரி வண்டியின் பெட்டிக்குள் கனன்றது. இப்போது பல வண்டிகள் எரிவாயு இஸ்திரிப் பெட்டிக்கு மாறிவிட்டன.

இந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டிப்பான உத்தரவு போட்டது நினைவிருக்கும். ஊர் ஊராக வெட்டினார்கள். வெட்டி விட்டுப்போன இடங்களில் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வந்து நின்றது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஆறு ஏழு. மறுதாம்பு பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பொக்லைன் வைத்துத் தூரோடு பெயர்த்த இடத்தில்தான் அது போனது.

விறகு வெட்டும் வேலையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்தில் சவுக்கும் விறகும் வெட்டுவதில் இருளர் பலர். வெட்டினால் எது துளிர்க்கும், எது துளிர்க்காது என்று புத்தகம் படிக்காமல் தெரிந்தவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். சொற்ப முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் நாளிதழ்களில் வந்தது. காட்டுத்தொழில் என்றதும் பழைய காலத்து அழகு என்று மட்டும் எழுதுகிறவர்கள் அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் புறநகரிலும் விழுந்த மரங்களில் பலவற்றின் அடிக்கட்டை வேரோடு மண்ணிலேயே இருந்தது. பல இடங்களில் கட்டைகளில் துளிர் கிளம்பியது, பிறகு நடைபாதை சிமென்ட் பூசி மூடப்பட்டது. அடுத்த புயலில் உங்கள் வீட்டெதிரே வேம்போ புங்கையோ முறிந்தால், முதலில் வேர் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேர் மண்ணைப் பிடித்திருந்தால் கிழிந்த பகுதியை ஒரு சாண் உயரத்தில் சரிவாக, சுத்தமாக அறுக்கச் சொல்லுங்கள். கட்டையைச் சுற்றி இரண்டடியாவது மண் தெரியட்டும், சிமென்ட் வேண்டாம். துளிர் கொத்தாக வந்ததும் அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். ஒரு மழைக்காலம் கழியட்டும். தரைக்கு மிக அருகில் கிளம்பிய, எதிரெதிர்ப் பக்கத்து இரண்டு துளிரை விட்டுவிட்டு மற்றவற்றை அறுத்தால் போதும். மாடும் ஆடும் திரியும் தெருவானால் சுற்றி நாலு சவுக்குக் கம்பு ஊன்றிக் கட்டிவிடுங்கள்.